டயரை மட்டும் பார்த்துச் சொன்னது

கண்ணுகளா,

போன வாரம் நான் பட்டறைக்கு வந்திருந்தபோது ஒரு லாரி ஓனர் வாட்ஸப்பில் ஒரு டயர் போட்டோ அனுப்பியிருந்தார். முன் டயர். ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. கூடவே ஒரு கேள்வி: "வண்டி தப்பா, டிரைவர் தப்பா?" உங்களில் ஒருவர் போனை வாய்கிட்ட வைத்து, "டிரைவர் ஓட்டறது சரியில்லைங்ணா, ரோட்டோரம் ஏத்தி ஏத்தி எறக்கறாப்ல" என்று பேசி அனுப்பிவிட்டு டீக்குப் போய்விட்டீர்கள். யார் என்று எழுதமாட்டேன். அவங்களுக்கே தெரியும். எம் பிள்ளைகளில் ஒன்றாகவும் இருக்கலாம், புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒன்றாகவும் இருக்கலாம்.

முழங்கால் வலிக்குது என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு ஊட்டுக்கு வந்துவிட்டேன். உண்மையில் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

கவிதா ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அப்பா, புதுசா வர்றவங்களுக்கு டயர் தேய்மானம், ஸ்டியரிங் கோளாறு பத்தியெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதிக் குடுங்க" என்று. எந்தத் தேய்மானத்துக்கு எது காரணம் என்பதெல்லாம், சக்கரத்தை நேராக்குகிற அலைன்மென்ட் மிஷினோடு வந்த புத்தகத்திலேயே படம் போட்டிருக்கிறது. அதை நான் திருப்பி எழுத வேண்டியதில்லை. புத்தகத்தில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அது என் தப்பு. எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம் என்றால், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

"உங்கப்பா கையில தடவிப் பாத்தே சொல்லிருவாரு" என்று பழைய ஓனர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். ஒருமுறை செங்கல் லோடு அடிக்கிற ஒருத்தர், வண்டியைக் கொண்டுவர நேரமில்லாமல், டயரை மட்டும் ஆட்டோவில் போட்டு எடுத்து வந்தார். டயரைச் சுற்றி அங்கங்கே குழி விழுந்த மாதிரி தேய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்து ஒரு சுற்று தடவிவிட்டு, "வீல் பேரிங் லூசுங்க, போய் ஜாக்கி வெச்சு ஆட்டிப் பாருங்க" என்றேன். போய் ஆட்டிப் பார்த்தார்கள். லூஸ்தான். சாயந்திரமே ஒரு கிலோ மைசூர்பாகு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் லாரி ஸ்டாண்டில் பேச்சு பரவிவிட்டது. அதற்குப் பிறகு வண்டி வருவது குறைந்து, டயர் வருவது அதிகமாயிற்று. டயரை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் சாய்ப்பார்கள். ஓனர் ஸ்டூலில் உட்காருவார். டிரைவர் காற்றடிக்கிற கம்ப்ரசர் பக்கத்தில் நிற்பார். அன்றைக்கு அங்கே யார் யார் இருக்கிறார்களோ அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஓனர் கேட்பது ஒரே கேள்விதான். வண்டியா, டிரைவரா? நான் "வண்டிங்க" என்றால் டிரைவர் பெருமூச்சு விடுவார். "டிரைவருங்க" என்றால் அன்றோடு அவர் பிழைப்பு ஆட்டம் கண்டுவிடும். என் வாய்க்காக அத்தனை பேரும் காத்திருக்கிற அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் நிஜம்.

கவிதா பாலிடெக்னிக் சேர்ந்த வருடம். உடுமலைப்பேட்டையிலிருந்து தேங்காய் லோடு ஏற்றி வடக்கே போகிற ஒரு ஆறு சக்கர லாரி. அதன் ஓனர் நமக்குப் பழக்கமானவர், பேர் வேண்டாம். லாரியை உடுமலையில் நிறுத்திவிட்டு, தேய்ந்த டயரையும் டிரைவரையும் மட்டும் ஒரு மினி வேனில் கூட்டிக்கொண்டு வந்தார். டிரைவர் பேர் வேலுச்சாமி. நாற்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்து விட்டிருந்தார். அன்றைக்குப் பட்டறையில் வேறு மூன்று டிரைவர்கள் இருந்தார்கள்.

"மேஸ்திரி, இதைப் பாருங்க. போட்டு மூணு மாசங்கூட ஆகலீங்க" என்றார் ஓனர்.

இடது பக்கத்து முன் டயர். வெளி ஓரம், அதாவது ரோட்டோரத்தைப் பார்த்திருக்கிற பக்கம், பட்டையாகத் தேய்ந்திருந்தது. நான் கையை வைப்பதற்குள் வேலுச்சாமி பேச ஆரம்பித்தார்.

"ஏனுங்ணா, வண்டி இடது பக்கமே இழுக்குதுங்க. நேரா போகணும்னா ஸ்டியரிங்கை வலது பக்கம் புடிச்சுட்டேதான் ஓட்ட வேண்டியிருக்குது. தோளே எறங்கிப்போச்சுங்க. அப்பறம், பின்னாடி வர்ற வண்டிக்காரங்க சொல்றாங்க, உங்க லாரி பின்பக்கம் ஒதுங்கிக் கோணலா நடக்குதுன்னு..."

"லாரி நடக்குதா? அப்ப அதுக்குச் செருப்பு வாங்கிக் குடுப்பா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று டிரைவர்களில் ஒருத்தர், "வேலு, டயரைச் சட்னி தொட்டுத் தின்னுபோட்டியா?" என்றார். இன்னும் சிரிப்பு. வேலுச்சாமி பாதியில் நிறுத்திவிட்டார். அவர் சொல்லிக்கொண்டிருந்தது முழுக்க உண்மை. அந்தப் பேச்சிலேயே கோளாறு எங்கே என்பது இருந்தது. நான் ஒரு சிரிப்புக்காக அதை வெட்டிவிட்டேன்.

டயரைத் தடவினேன். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரோட்டோரம் ஏற்றி இறக்கி ஓட்டுகிற டிரைவரின் டயர் என்றால், அதன் பக்கச் சுவரில் கல்லில் உரசின காயம் இருக்கும். இதில் ஒரு கீறல் இல்லை. புது டயர் மாதிரி வழுவழுவென்று இருந்தது. என் கை அதைக் கண்டுகொண்டது. மனதுக்குள் ஒரு நொடி இடித்தது. வலது பக்கத்து டயர் எப்படித் தேய்ந்திருக்குது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "தெரியலீங்க, வண்டியைக் கொண்டு வாங்க" என்று சொல்வது எனக்குக் குறைச்சலாகப் பட்டது.

"டிரைவருங்க. தார் ரோட்டை விட்டு எறக்கி எறக்கி ஏத்தறாப்ல. வண்டியில ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

வேலுச்சாமி சத்தம் போடவில்லை. "அண்ணா, வண்டியை ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

"வண்டியில பாக்கறதுக்கு என்ன இருக்குது? அதான் டயரே சொல்லுதே."

ஓனர் ஸ்டூலில் இருந்து எழுந்தார். கையை நீட்டினார். "சாவியைக் குடு வேலு" என்றார். வேலுச்சாமி குடுத்துவிட்டு, கம்ப்ரசர் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் நின்றிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நான் அடுத்த வண்டியின் ஸ்டியரிங் டை ராடைக் கழற்றப் போய்விட்டேன்.

ஆறு ஏழு வாரம் கழித்து அதே லாரி பட்டறைக்குள் வந்தது. ஓட்டி வந்தது தாராபுரத்துப் பக்கத்து ஆள், புது டிரைவர். வாய்த்துடுக்கான மனுஷன். இறங்கும்போதே, "மேஸ்திரி, இது லாரியா நண்டா? இடதுக்கே இழுத்துப் போட்டு என் கையை ஒடிக்குது. மறுபடி டயர் ஓரமும் போச்சு. இந்த வண்டியை வெச்சு என்னையும் டயர் தின்னி ஆக்கிப் போடாதீங்க" என்றார்.

டயர் தின்னி என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். யாரைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

இடது டயர், வெளி ஓரம் தேய்ந்திருந்தது. இந்த முறை வண்டி முன்னால் இருந்ததால் குனிந்து வலது டயரையும் பார்த்தேன். அதில் உள் ஓரம் தேய்ந்திருந்தது. வண்டிக்கு அடியில் இருக்கிற பக்கம், நின்று பார்த்தால் தெரியாது. நீங்கள் மிஷினில் வேலை செய்கிறவர்கள், உங்களுக்கே இது புரியும். முன் சக்கரங்களின் நேர் கெட்டிருந்தால், ரெண்டு டயரும் வெளி ஓரமோ, ரெண்டும் உள் ஓரமோ, ஒரே மாதிரி தேயும். ஒன்றில் வெளியும் ஒன்றில் உள்ளும் என்றால், ரெண்டு டயரும் ஒரே திசையில் தள்ளப்படுகின்றன என்று அர்த்தம். தள்ளுவது முன்னால் இல்லை. பின்னால்.

டேப்பை எடுத்து முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே ரெண்டு பக்கமும் அளந்தேன். இடது பக்கம் ஒரு விரல்கிடை குறைந்தது. பின் ஆக்சில் இடது பக்கம் அந்த அளவுக்கு முன்னால் நகர்ந்து கோணலாக நின்றது. பின் ஆக்சிலையும் ஸ்பிரிங் பட்டைகளையும் இடம் மாறாமல் பிடித்திருக்கிற சென்டர் போல்ட் இடது பக்கம் உடைந்திருக்க வேண்டும். பின் சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ள, வண்டி இடதுக்குத் திரும்பப் பார்க்க, டிரைவர் வலது பக்கம் பிடித்துப் பிடித்து ஓட்ட, முன் டயர் ரெண்டும் அரைபட்டிருக்கின்றன. வேலுச்சாமி சொன்னது அத்தனையும் அதுதான். தோள் இறங்கினது, கோணலாக நடக்கிறது, எல்லாம்.

கழற்றினோம். போல்ட் ரெண்டு துண்டாக வந்தது. புதிதாக உடைந்த இரும்பு சர்க்கரைக் கட்டி மாதிரி மினுங்கும். இது செம்பட்டையாகத் துரு ஏறி, ஓரம் கறுத்துப் போயிருந்தது. பல மாதத்து உடைசல்.

புது டிரைவர் எட்டிப் பார்த்தார். "எத்தனை நாளா உடைஞ்சிருக்குமுங்க?"

"இப்பத்தான். நீங்க லோடை அதிகமா ஏத்திப்போட்டீங்களோ என்னமோ" என்றேன்.

பாருங்கள். பொய் சொன்னேன். அந்தப் பொய்யிலும் இன்னொரு டிரைவர் மேல்தான் பழியைச் சாய்த்தேன். போல்ட் துண்டுகளை ஸ்கிராப் டப்பாவில் போட்டு, மேலே பழைய பிரேக் லைனிங்கை அள்ளிக் கொட்டினேன். ஓனர் போனில் கேட்டபோது, "சென்டர் போல்ட் போயிருந்துச்சுங்க, மாத்தியாச்சு" என்று மட்டும் சொன்னேன். "நல்ல வேளை, நீங்க கண்டுபுடிச்சீங்க மேஸ்திரி. மலைப்பாதையில வெச்சு ஆக்சில் இன்னும் நகந்திருந்தா என்ன ஆகறது" என்றார். அந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ரெண்டு மாதம் சும்மா இருந்தேன். தப்பு செய்தது ஒரு நாள். மறைத்தது அறுபது நாள். எதை நினைத்து அதிகம் வெட்கப்படுகிறேன் என்று கேட்டால், அந்த அறுபது நாளைத்தான் சொல்வேன். தினமும் காலையில் பட்டறையைத் திறக்கும்போது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அப்புறம் யாராவது ஒரு டயரை உருட்டிக்கொண்டு வருவார்கள். நானும் கையைத் துடைத்துக்கொண்டு உட்காருவேன்.

ஒரு நாள் டீக்கடையில் ரெண்டு டிரைவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்த டயர் தின்னி எங்கப்பா?" "யாரு லாரி குடுக்கறாங்க அவனுக்கு? பீளமேட்டுல ஒரு ஆபீசுல பைக்கு நிறுத்தற எடத்துல விசில் ஊதிட்டு இருக்கறான்." சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். கண்ணுகளா, நான் சிரித்தேன். ஊட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். உங்கம்மா என்ன என்னவென்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை.

மறுநாள் பீளமேட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்ட பெரிய ஆபீஸ். வாசலில் நூறு பைக்குகள். வேலுச்சாமி நீலச் சட்டை போட்டு, கழுத்தில் விசில் மாட்டி, ஒரு பைக்கின் பின்பக்கத்தைத் தூக்கி வரிசையில் நகர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க மேஸ்திரி. ஏனுங்க, இந்தப் பக்கம்? உக்காருங்க" என்று அவர் உட்காருகிற பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நின்றுகொண்டே சொன்னேன். போல்ட் உடைந்திருந்தது, துரு ஏறியிருந்தது, நான் சொன்னது தப்பு, தெரிந்தும் ரெண்டு மாதம் பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. அவர் பைக்குகளைச் சரிசெய்வதை நிறுத்தவில்லை.

"எந்தப் பக்கமுங்க?"

"இடது பக்கம். பின்னாடி."

தலையை ஆட்டினார். "வண்டி இப்ப நேரா ஓடுதுங்களா?"

"ஓடுது."

"நல்ல வண்டிங்க அது."

ஒரு பொண்ணு ஸ்கூட்டியை எடுக்க வந்தது. அதற்கு வழி விட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, இதை எங்கிட்டச் சொல்றதுக்கு இத்தனை தூரம் வந்தீங்க. எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமுங்களே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. ஸ்கூலுக்குப் போற எம் பையனை, டயர் தின்னி மகன்னு கூப்புடறாங்க. நீங்க அன்னிக்கு எங்க உக்காந்து யாரு யாரு முன்னாடி சொன்னீங்களோ, அங்க உக்காந்து அவங்க முன்னாடி சொல்லுங்க. நானும் வர்றேன். நின்ன எடத்துலயே நிக்கறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓனரை வரச் சொன்னேன். அன்றைக்கு இருந்த மூன்று டிரைவர்களில் ஒருத்தர் வடக்கே லோடு போயிருந்தார். மற்ற ரெண்டு பேரும் வந்தார்கள். வேலுச்சாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். டூட்டிக்கு நேராகப் போக வேண்டும் என்று நீலச் சட்டையிலேயே வந்திருந்தார். கம்ப்ரசர் பக்கத்தில் போய் நின்றார்.

நான் எத்தனையோ நாள் அந்த இடத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். "வேலுச்சாமி மேல தப்பில்லீங்க. வண்டியைப் பாக்காம நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போல்ட் உடைஞ்சது பழைய உடைசல். அதையும் இப்ப உடைஞ்சதுன்னு பொய் சொன்னேன்."

ஓனர் போனைப் பார்த்துக்கொண்டே, "விடுங்க மேஸ்திரி. இதுக்கா கூப்பிட்டீங்க? வெளிய சொல்லீட்டுத் திரியாதீங்க, உங்க பேருதான் கெட்டுப்போகும்" என்றார்.

சட்னி என்று கேலி பேசின டிரைவர் எழுந்துவிட்டார். "வேலு, நானும் வாயை உட்டுபோட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றார்.

வேலுச்சாமி அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஓனரைப் பார்த்துக் கேட்டார். "இன்னொரு ஓனரு உங்களுக்குப் போன் பண்ணி, வேலுச்சாமி எப்படீன்னு கேட்டா, இனி என்னங்க சொல்லுவீங்க?"

ஓனர் போனைப் பையில் வைத்தார். "நல்லா ஓட்டுவான்னு சொல்லுவேன்."

"இவங்க முன்னாடிதான் சொல்லியிருக்கறீங்க" என்றார் வேலுச்சாமி. "சரிங்க, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

அன்றிலிருந்துதான் நம் பட்டறையில், வண்டி வராமல் டயரைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று வைத்தேன். அலைன்மென்ட் வேலை அதிகமாக வரட்டும் என்பதற்காக அப்பா இப்படி ஒரு சட்டம் போட்டிருக்கிறார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். டயரோடு வந்து திரும்பிப் போன ஓனர்கள் எத்தனையோ பேர். கோபப்பட்டு வேறு பட்டறைக்கு மாறினவர்களும் உண்டு. போகட்டும்.

போட்டோ அனுப்பின அந்த ஓனருக்கு, பதில் சொன்னவர் இன்றைக்கே போன் போடுங்கள். "வண்டியைப் பாக்காமச் சொல்லிட்டேனுங்க, வண்டியைக் கொண்டு வாங்க, டிரைவரையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஒரு நாள் வெட்கம்தான். அந்த டிரைவரின் பேர் நமக்குத் தெரியாது. அவருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கலாம்.

வேலுச்சாமிக்கு மூன்று மாதம் கழித்து வேறொரு ஓனர் லாரி குடுத்தார். இப்போதும் ஓட்டுகிறார். வாரம் ஒரு தடவை நம் பட்டறையைத் தாண்டித்தான் போகிறார். அலைன்மென்ட்டுக்கு இன்னும் தூரமாக, வேறு பட்டறைக்குப் போகிறாராம். ஒரு தடவை, நம் வாசல் வேகத்தடையில் அவர் வண்டி மெதுவானபோது நான் கையைத் தூக்கினேன். அவர் பார்த்தார். கியரை மாற்றிப் போய்விட்டார். அவரிடம் நான் கேட்க ஒன்றுமில்லை.

என்றைக்காவது அந்த வண்டி உள்ளே திரும்பினால் என்னைக் கூப்பிடாதீர்கள். நீங்களே பாருங்கள். மிஷினை மாட்டுவதற்கு முன்னால், வண்டி எப்படி ஓடுகிறது என்று அவரைக் கேளுங்கள். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்கே பேசாதீர்கள்.

அப்பா